ஒரு குமிழிகூட வரவில்லை

பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நீல நிறத்ததுதான் நல்லது. பச்சையில் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். நீலத்தில் பாதி, தண்ணீர் பாதி கலந்து, பழைய பெயின்ட் தூரிகையால் எரிவாயுக் குழாயின் இணைப்புகளில் தடவினால், ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் குமிழி விடும். நான் ஐந்து இணைப்புகளிலும் இரண்டிரண்டு முறை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, ஹாஸ்கெல் ஐயா. தீ விபத்தை விசாரித்து நீங்கள் எழுதிய முதல் அறிக்கையை அப்பா சமையலறை மேசைமேல் விட்டுவிட்டுப் போயிருந்தார். "அனுபவமில்லாதவர் செய்த கவனக்குறைவான வேலை, இணைப்பில் கசிவு இருந்திருக்கலாம்" என்று அதில் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது கால் தானாக ஆடுகிறது. பட்டறை முற்றத்தை நாளைக்கு நாற்பது தடவை சுற்றி வருகிறேன். அதனால்தான் இன்று நானே இங்கே வந்தேன். எனக்கு வாயால் சொல்ல வராது என்று தெரிந்ததும் நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அது நல்ல யோசனை. எனக்கு எழுதித்தான் பழக்கம்.

என் பெயர் ஓப்பல் டாக்கெட். வயது இருபது. பதினைந்தில் பள்ளியை விட்டேன். ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். எனக்குக் குரல் வரவில்லை. பின்பெஞ்சில் ஒருவன் விநாடிகளை உரக்க எண்ண ஆரம்பித்தான். தொண்ணூற்றொன்று வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு நான்கு மைல் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பின் போகவே இல்லை. அப்பாவின் பட்டறையில் பயண வீட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டேன். கூரை ஒழுகல், அச்சு, குழாய் எல்லாம் செய்வேன். குழாய் வேலையில் அப்பாவைவிட என் கை சுத்தம். அதை அவரே சொல்வார்.

என் அக்கா லியோரா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்கு நான்கு வயதாகும்போது அம்மா வேறொருவரோடு டல்சாவுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்காகப் பேசியதெல்லாம் லியோராதான். கடையில், பல் மருத்துவரிடம், தொலைபேசியில். "ஓப்பல் என்ன சொல்ல வர்றான்னா..." என்று ஆரம்பிப்பாள். நான் சொல்ல நினைத்ததைத்தான் பெரும்பாலும் சொல்வாள். சில நேரம் அதைவிட நன்றாகவே சொல்வாள்.

போன வசந்தத்தில் பாய்ட் தான் குடியிருக்கும் பயண வீட்டு வண்டியின் சக்கரத்தைச் சரிபார்க்கப் பட்டறைக்கு வந்தார். அவர் மின்கம்பத் தொழிலாளி. எங்கே புயல் அடித்துக் கம்பிகள் விழுந்தாலும் அழைப்பு வரும். வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். செப்டம்பரில் அவரும் லியோராவும் நீதிமன்றத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். என்னை அவர் 'எலி' என்று கூப்பிடுவார். அவர் கெட்டவர் என்று நான் எங்கும் எழுதவில்லை. கெட்டவரில்லை.

அவர் வண்டியில் ஒரு குறை இருந்தது. வெளியே வைத்துக் கறி சுடும் அடுப்புக்கான எரிவாயு இணைப்பைத் தொழிற்சாலைக்காரர்கள் பின்பக்கம், கழிவுக்குழாய் இறங்கும் இடத்துக்கு அருகில் வைத்திருந்தார்கள்.

"எலி, இங்க வந்து பாரு. இதைக் கட்டினவன் வாழ்நாள்ல ஒரு துண்டு கறியாச்சும் சுட்டிருப்பானா? கக்கூஸ் குழாய்க்குத் துணையா அடுப்புக் குழாயை வெச்சிருக்கான்."

லியோரா கதவருகே நின்று சிரித்தாள். "நீ எப்போ சுட்டே? நிக்கிறது நானு, மோந்து பாக்கிறது நானு."

"அதைத்தான் சொல்றேன். என் பொண்டாட்டி இந்த நாத்தத்துல நிக்கக் கூடாது. எலி, இதைக் கதவுப் பக்கம், அந்த நிழல்துணிக்குக் கீழ மாத்திக் குடுத்துடு. ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் கறி. திங்கக்கெழம நாங்க லூசியானா கெளம்புறோம்."

"ஓப்பல் என்ன சொல்ல வர்றான்னா, ரெண்டே நாள்ல முடிச்சுத் தர்றேன்கிறா" என்றாள் லியோரா.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அவர்கள் திங்கட்கிழமை போகிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்து எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை வேறு யாராவது படிக்கலாம். வண்டியின் மூக்கில் இரண்டு எரிவாயு சிலிண்டர்கள் இருக்கும். உள்ளே வாயு மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால் அங்கேயே ஒரு ரெகுலேட்டர் அதை அடக்கி, சாதுவாக்கி, மற்ற குழாய்களுக்கு அனுப்பும். கடையில் வாங்கும் கறி அடுப்புக்கு அதற்கென்றே ஒரு சின்ன ரெகுலேட்டர் உண்டு. அப்படியே வண்டியில் மாட்டினால் வாயு இரண்டு முறை அடங்கி, தீ மெழுகுவர்த்தி மாதிரிதான் எரியும். அதனால் வண்டியில் வாழ்கிறவர்கள் அடுப்பிலிருப்பதைக் கழற்றிவிடுவார்கள். பாய்டும் கழற்றினார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு மாமியாரா? தாங்காது" என்று சொல்லி அதை எங்கள் பழைய இரும்புப் பீப்பாயில் எறிந்தார். அதில் தவறில்லை. அதன்பின் அந்த அடுப்புக்கு வண்டியின் ரெகுலேட்டர் மட்டுமே காவல், அவ்வளவுதான். அப்படிப்பட்ட அடுப்புகளின் கைப்பிடியில் அப்பா எச்சரிக்கை அடையாளமாக ஒரு சிவப்புக் கம்பியைச் சுற்றி வைப்பார். இதற்கும் சுற்றியிருந்தார். அதை நான் அவிழ்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை வேலையைத் தொடங்கினேன். புதன்கிழமை காலை வண்டிக்கடியில் படுத்திருந்தபோது லியோரா ஐஸ் தேநீரோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"வெளிய வா, ஒரு நிமிஷம். இந்த ஃபோனைப் பிடி."

நான் எண்ணெய்க் கையைக் காட்டினேன்.

"பரவால்ல, தொடச்சுக்கலாம். பல் டாக்டர் ஆஸ்பத்திரி. பேரு சொல்லணும், என்னைக்கு வரணும்னு கேக்கணும். ரெண்டே வரி. நான் இங்கயே நிக்கிறேன்."

மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள். "வணக்கம். யாருங்க பேசறது? ஹலோ? கேக்குதுங்களா?" நான்கு முறை கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

லியோரா கோபப்படவில்லை. என் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு மறுபடி பாப்போம். பழகிக்கணும் ஓப்பல். நான் எப்பவும் பக்கத்துலயே இருக்க முடியுமாடி? எனக்கும்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

"போகாத" என்றேன்.

அந்த வாரம் முழுவதிலும் நான் பேசிய ஒரே சொல் அதுதான். அவள் என் கன்னத்தைத் தட்டினாள். "கிறிஸ்துமஸுக்கு வந்துருவேன், கழுதை."

மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்தேன். வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. குதிகாலால் சரளைக்கல்லை உதைத்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள் புதிய குழாய் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். அது ரெகுலேட்டருக்கு ஒரு சாண் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். நான் ஒரு சாண் முன்னாலிருந்து, வாயு இன்னும் அடங்காத இடத்திலிருந்து, தொடங்கினேன். வேறு எதையும் மாற்றவில்லை. குழாயை அளந்து வெட்டினேன், பிடிகளை நேராக முடுக்கினேன், கல் தெறிக்காமலிருக்க அடியில் தகடு வைத்தேன், கதவுப் பக்கம் மூடியோடு கூடிய முனை பொருத்தினேன். பிறகு சோப்புத் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை பாய்ட் வந்து பார்த்தார். மண்டியிட்டு, தெரிகிற வரைக்கும் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார்.

"கசிவு பாத்தியா?"

சோப்புக் கிண்ணத்தைக் காட்டினேன். தலையாட்டினார்.

"எலி, நீ பேசாம இருக்கிறதே நல்லதுன்னு தோணுது. வாய் ஓயாத பயலுவ எவனும் இவ்வளவு சுத்தமா செய்யமாட்டான்."

நான் பேசாமலிருப்பது நல்லது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பட்டறைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன். மாற்ற வேண்டுமென்றால் அப்போதே மாற்றியிருக்கலாம். அரைமணி நேர வேலை. சனிக்கிழமை முழுவதும் இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வண்டிவரை போனேன். மூன்று தடவையும், உள்ளே லியோரா துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது முணுமுணுத்த பாட்டு கேட்டது. அந்தப் பாட்டில் வருத்தமே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் நல்ல வெயில். பன்றித் தோள்கறி, சோளக்கதிர், உருளைக்கிழங்கு சாலட். அப்பா மடக்கு நாற்காலியில் இருந்தார். அடுப்பை நான்தான் நிழல்துணிக்கடியில் வைத்துக் குழாயை மாட்டினேன். பாய்ட் பத்தடி தள்ளி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"லியோரா, பத்த வைம்மா. பசி உயிர் போவுது."

"பாத்தியா ஓப்பல்? ஏழாயிரம் வோல்ட்டைத் தொடுவாரு. தீக்குச்சியைத் தொட மாட்டாரு" என்று லியோரா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு குனிந்தாள்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. துணியை உதறுவது போல ஒரு ஓசை. தீ அவள் தலைக்குமேல் போய், நிழல்துணியைப் பிடித்து, வண்டியின் முன்பாதியைத் தின்றது. பாய்ட் தன் சட்டையைக் கழற்றி அவளைச் சுற்றினார். அவர் கைகளும் வெந்தன. அப்பா உங்களிடம் சொல்லியிருக்கிறார், அவள் குனிவதற்கு முன்பே ஓப்பல் மூன்றடி பின்னால் நகர்ந்தாள் என்று. அப்பாவுக்குக் கண்பார்வை நல்லது.

லியோரா மூன்று வாரம் ஸ்பிரிங்ஃபீல்ட் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது வீட்டில், பழைய அறையில், பழைய கட்டிலில் இருக்கிறாள். கைகளும் கழுத்தும் முகத்தின் வலப்பக்கமும் ஆறிவருகின்றன. சூடான காற்று தொண்டைக்குள் போனதால் இரண்டு மாதம் பேசக் கூடாது. யாராவது பார்க்க வந்தால் நான்தான் வாசலில் நின்று, "லியோரா என்ன சொல்ல வர்றான்னா..." என்று சொல்கிறேன். மருந்துக்கடைக்குத் தொலைபேசியில் நானே பேசுகிறேன், தடுமாறாமல். அவளுக்காகப் பேச வருகிறது. எனக்காகப் பேச இன்னும் வரவில்லை. அவள் சொன்னது சரிதான், பழகிக்கொள்ள வேண்டியதுதான். திங்கட்கிழமைகள் வந்து போகின்றன. யாரும் லூசியானாவுக்குப் போகவில்லை.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பாய்ட் பற்றவைப்பார், அவருக்கு ஏதாவது ஆகட்டும் என்றுதானே செய்தாய் என்று. நான் ஆமென்று தலையசைத்தேன். அது பொய். இன்று நான் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்த என் பச்சை நோட்டில், ஜூன் மாதத்திலிருந்து, அந்த அடுப்பு எரிந்த ஒவ்வொரு நாளையும் எழுதியிருக்கிறேன். இருபத்துமூன்று நாட்கள். இருபத்துமூன்று முறையும் பற்றவைத்தவள் லியோரா. கூட வேலை செய்த ஒருவர் தீயில் கருகியதைப் பார்த்ததிலிருந்து பாய்ட் அடுப்புப் பக்கமே போவதில்லை. அதையும் அதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பாய்டுக்குக் காயம் பட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள அவள் எங்கே வேண்டுமானாலும் போவாள். அவளுக்கே பட்டால் வீட்டுக்கு வருவாள். வண்டிக்கடியில் படுத்திருந்த அந்த மதியத்தில் நான் யோசித்தது இவ்வளவுதான். அவள் சாக வேண்டும் என்று நினைக்கவே இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தீ அவளை விட்டு விலகிப் போகும்படிதான் அடுப்பைத் திருப்பி வைத்தேன். நான் குழாயைத் தவறாக மாற்றவில்லை, ஐயா. எதற்காக மாற்றினேனோ அதற்குச் சரியாகவே மாற்றினேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான் வந்தவுடன் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். குழாய் ரெகுலேட்டருக்கு எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று பாருங்கள் என்று லியோரா நேற்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாளாம். தன் அறைக்குள் ஓப்பலை விட வேண்டாம் என்றும் எழுதினாளாம். அந்த வலி மாத்திரைகள் மிகவும் வீரியமானவை. என்னென்னவோ எழுத வைக்கும். நான் மருந்து தடவும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது, இடப்பக்கம் காயம் குறைவு என்பதால்தான். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

சுவர்க் கடிகாரத்தில் மூன்றேமுக்கால் ஆகிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுப் போகிறேன். நான்கு மணிக்கு அவளுக்கு மருந்து போட வேண்டும். வேறு யார் தொட்டாலும் அவளுக்குப் பிடிக்காது.