சீனியின் தாய்வழி

விளக்கமறியலில் தருகிற பிளேன்டீ, வெளியில் பேசிக்கொள்கிற அளவுக்கு மோசமில்லை. சாயம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மற்றதைக் கேட்க வாய் வருவதில்லை. பாவம், அவர்களும் எதையாவது கேட்கத்தானே வேண்டும்.

என் சட்டத்தரணி நவரட்ணராஜா அப்படிப்பட்டவர் அல்ல. யாழ்ப்பாணத்து மனிதர், கண்டி நீதிமன்றத்திலேயே தலை நரைத்தவர். வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார். போன முறை இப்படிக் கேட்டார்.

“ஹாஜியார், உங்கட பரம்பரையில ஆருக்கேனும் புத்தி பேதலிச்சு இருந்ததோ? மூர்க்கம், வெறி, அப்பிடி ஏதும்? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்கள் எண்டால் வழக்கை வேற பக்கம் திருப்பலாம். இல்லையெண்டால் இது கொலைதான்.”

யாரிடம் வந்து எதைக் கேட்கிறார் பாருங்கள். பரம்பரை பார்ப்பதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். அவர் எழுதிக்கொள்வதற்காக எல்லாவற்றையும் முறையாகச் சொல்கிறேன்.

என் பெயர் பஹ்மி. பிலிமத்தலாவையில் எங்களுக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் மொத்த வியாபாரம். குதிரை என் பொழுதுபோக்கு. நுவரெலியாவில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகளையோ அவற்றின் குட்டிகளையோ வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் சரி என்றால் வாங்குவார்கள். உதட்டைப் பிதுக்கினால் திரும்பிவிடுவார்கள்.

மற்றவர்கள் குதிரையின் காலைப் பார்ப்பார்கள், நெஞ்சைப் பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். நான் தாயைப் பார்ப்பேன். வேகம் தகப்பனிடமிருந்து வரலாம், குணம் தாய்வழியில்தான் வரும். தாய்க்குதிரை உயிரோடு இருந்தால் தீனி வைக்கிற நேரத்தில் போய் நிற்பேன். பக்கத்தில் இன்னொன்று வந்தால் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டுகிறதா, இல்லை கொஞ்சம் விலகி இடம் விடுகிறதா என்று பார்ப்பேன். தாய் செத்திருந்தால் அதன் மற்றக் குட்டிகளைத் தேடிப் போவேன். பசிக்கிற நேரத்தில் எந்த உயிரும் நடிக்காது.

மனிதர்களுக்கும் இதே முறைதான். ஊரில் எத்தனையோ கலியாணம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. மாப்பிள்ளை என்ன படித்தான் என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெண்ணின் உம்மாவுடைய உம்மா பக்கத்து வீட்டாரோடு எப்படிப் பேசினார் என்பதைத் தெரிந்துவைத்திருக்க ஒரு ஆள் வேண்டுமே.

எங்கள் வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நவரட்ணராஜா ஐயா அதைத்தானே கேட்டார். எங்கள் குடும்பத்தில் குரலை உயர்த்திப் பேசியவர் கிடையாது. கடையில் கராம்பு திருடிய ஒரு வேலையாளை என் மூத்தவாப்பா ஒரு வார்த்தை ஏசவில்லை. மிளகுக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் பெருநாள் சாப்பாட்டுக்குப் போனார். திறந்தபோது அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பார்கள். மூத்தவாப்பா கோபப்பட்டதை அப்போதும் யாரும் பார்க்கவில்லை. என் வாப்பாவும் அப்படித்தான். தன் விருப்பப்படி கலியாணம் முடித்த ஒரே தங்கையோடு அவர் சண்டை பிடிக்கவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். அந்தத் தங்கை இறந்தபோது ஜனாஸா வீட்டு வாசல் வரைக்கும் போய் மழை தூறுகிறதென்று திரும்பி வந்தார். அப்படிப்பட்ட நிதானம் எங்களுடையது.

இனி ஷிஹாபின் கதைக்கு வருகிறேன். நெடுங்காலம் வளைகுடாவில் ஒரு ஷேக்கின் லாயத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். தெல்தெனியவில் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிகிற ஒரு மேட்டு நிலத்தை எடுத்து லாயம் கட்டினான். தலையில் எந்நேரமும் கௌபோய்ப் படத்து அகலத் தொப்பி ஒன்று. தெல்தெனியவில் உண்மையிலேயே மாடு மேய்க்கிறவர்கள்கூட அப்படியொன்றைப் போட்டு நான் பார்த்ததில்லை.

அவன் கொண்டுவந்த விளையாட்டுத்தான் பீப்பாய் ஓட்டம். மூன்று தகரப் பீப்பாய்களை முக்கோணமாக நிறுத்திவைப்பார்கள். குதிரை ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு, எதையும் தட்டிவிடாமல் திரும்பி வர வேண்டும். நேரம் குறைந்தவருக்கு வெற்றி. கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டுப் போல இருக்கும், அப்படியில்லை. வெறும் வேகக்குதிரை பீப்பாயைத் தாண்டி ஓடிவிடும். வெறும் சாதுக்குதிரை சுற்றி முடிப்பதற்குள் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிடும். பீப்பாயை நெருங்கும்போது தானாகவே தன்னை அடக்கிக்கொண்டு, உடம்பைச் சாய்த்துத் திரும்பி, மறுபடியும் பாய வேண்டும். துடிப்பும் பொறுமையும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். மருமகள் தேடுவதைவிடக் கஷ்டமான வேலை அது.

ஷிஹாப் என்னைத்தான் கூட்டிக்கொண்டு நுவரெலியா போனான். அங்கே ஒரு செம்பட்டைப் பெண்குதிரை நின்றது. அதன் தாயை எனக்குத் தெரியும். ஒரு ஜொக்கியின் கையைக் கடித்து, இன்னொருவனைக் கீழே போட்டு மிதித்த சாதி. நான் உதட்டைப் பிதுக்கினேன். ஆனால் ஷிஹாபின் மகள் நதாவும் அன்று கூட வந்திருந்தாள். அவள் நேரே போய்க் குதிரையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, “மாமா, இவட கண்ணப் பாருங்களே, எவ்வளவு பாவம்” என்றாள். கண்ணைப் பார்த்து வாங்குவதென்றால் நான் எதற்கு? ஷிஹாப் என்னைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், காசை எடுத்துக் கொடுத்தான். நதா அதற்குச் சீனி என்று பெயர் வைத்தாள்.

நதாவைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தேன். என் மகன் ஹுதைபா அவளைக் கலியாணம் முடிக்க ஆசைப்பட்டான். நான் வேண்டாம் என்றேன். பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் தாய்வழி? அவளுடைய உம்மா பாயிஸா, கலியாணம் முடித்துப் போன முதல் நோன்புப் பெருநாளில், கறிக்கு உப்பில்லை என்று மதினி ஏதோ குத்திப் பேசியதற்கு, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹனை அப்படியே தூக்கி நடு ஹோலில் கவிழ்த்தவர். சோறும் இறைச்சியும் அலுமாரிக்கடியில் வரைக்கும் போனதாம். இன்றைக்கும் அந்த ஊரில் அது பேச்சு. அப்படிப்பட்ட ரத்தத்தை நான் என் வீட்டுக்குள் விட முடியுமா?

ஹுதைபா மறுபேச்சுப் பேசவில்லை. என் பிள்ளை.

ஆனால் சீனி ஓட ஆரம்பித்தது. முதல் ஓட்டத்திலேயே வென்றது, அடுத்ததிலும் வென்றது. பீப்பாயை நெருங்கும்போது ஒரு காதை மட்டும் நதாவின் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டு, எண்ணெய் போட்ட கதவு போலத் திரும்பும். சின்னப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் சும்மா நிற்கும். ஷிஹாப் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டு, “பஹ்மி நானா, ஒங்கட ரத்தக் கணக்கு இந்த முற பிழைச்சிட்டு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குதிரை வாங்கப் போகிறவர்கள் என்னை அழைக்க மறந்தார்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹுதைபா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

“வாப்பா, குதிரைட விசயத்துல ஒங்களுக்குப் பிழைச்சிட்டு தானே. நதாட விசயத்துலயும் பிழைச்சிருக்க ஏலும் தானே?”

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதனால்தான் விடையைத் திருத்த வேண்டியதாயிற்று.

சீனியின் ரத்தத்தில் தாயின் மூர்க்கம் இருந்தது, எனக்கு நிச்சயம். நதா செல்லம் கொடுத்து அதை மறைத்துவைத்திருந்தாள். நான் அதை வெளியே கூப்பிட்டேன், அவ்வளவுதான். ஷிஹாப் உம்றாவுக்குப் போய்வந்தபோது எனக்கென்று ஒரு குப்பி ஊத் அத்தர் கொண்டுவந்திருந்தான். நல்ல சரக்கு. ஒரு துளி பட்டால் துணியைத் துவைத்தாலும் வாசம் போகாது. அதைக் கைக்குட்டையில் தொட்டுக்கொண்டு தெல்தெனியவுக்குப் போய்வரத் தொடங்கினேன். நண்பகலில் எல்லாரும் தொழவும் சாப்பிடவும் போகிற நேரம் லாயம் வெறுமையாக இருக்கும். “நீங்க போய்ட்டு வாங்க, நான் பிரயாணி தானே, பிறகு சேர்த்துத் தொழுறேன்” என்பேன். தூரப் பயணம் போகிறவனுக்குத்தான் அந்தச் சலுகை; பிலிமத்தலாவையிலிருந்து தெல்தெனியவுக்கு வந்தவன் எந்தக் கணக்கில் பிரயாணி என்று ஒருவரும் கேட்கவில்லை.

சீனியின் கொட்டிலுக்குப் பின்பலகையில் ஓர் இடைவெளி இருந்தது. முதலில் கைக்குட்டையை அதன் வழியாக நீட்டுவேன். வாசம் அதன் மூக்குக்குப் போகும் வரைக்கும் பொறுத்திருப்பேன். பிறகு மிளகு மூட்டை தைக்கிற சாக்கு ஊசி. ரோமம் அடர்ந்த இடமாகப் பார்த்து, ஆழமாக இல்லாமல். கத்தவோ அடிக்கவோ இல்லை, என்னால் அது முடியாது. சில நாளில் ஊசி தேவைப்படவில்லை. வாசம் வந்தாலே அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கும். நான் கைக்குட்டையைப் பொலித்தீனில் சுற்றி வைத்து, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு முன்பக்கம் சுற்றிவந்து ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பேன். என் கையிலிருந்து வாங்கித் தின்னும். என்மீது அதற்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

பெரிய ஓட்டம் நடந்த அன்று, என் மனம் நொந்திருக்குமென்று நினைத்து ஷிஹாப் என்னையே கௌரவ நடுவராக வைத்தான். அவன் மனசு நல்லது, அதை நான் எப்போதும் சொல்வேன். தொடங்குவதற்கு முன்னால் பீப்பாய்கள் சரியாக நிற்கின்றனவா என்று நடுவர் சுற்றிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். மூன்றாவது பீப்பாயில் தூசி இருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

நதா வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குதிரையின் கழுத்தைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் பாய்ந்தாள். முதல் பீப்பாய் சுத்தம். இரண்டாவது இன்னும் சுத்தம். நான்கூட ரசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவதில் உடம்பைச் சாய்த்துத் திரும்பிக்கொண்டிருந்த சீனி, திடீரென்று நிலம் சுட்டதுபோலப் பக்கவாட்டில் எகிறியது. பிள்ளை பீப்பாயின் விளிம்பில் விழுந்தாள். குதிரை அவள் மேல் விழுந்தது.

வேலைக்காரர்கள் தடிகளோடு சீனியின் பக்கம் ஓடினார்கள். நதாவுக்கு அப்போது நினைவு இருந்தது. “அடிக்க வாணாம். அவ பயந்துட்டா, அடிக்க வாணாம்” என்றாள். அதிர்ச்சியில் வந்த பேச்சு. அதை வைத்துக் குணத்தைக் கணிப்பது சரியல்ல. கண்டிக்குக் கொண்டுபோகிற வழியில், பல்லேகலை தாண்டுவதற்குள், அவள் மவுத்தாகிவிட்டாள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஷிஹாபின் தோளில் கை வைத்து, இது தாய்வழி என்று சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

விழுந்து கிடந்த பீப்பாயைத் தூக்கி நிறுத்தியவன் என் மகன். அது அப்போது எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் அவன் தன் கையை மூக்கருகில் கொண்டுபோய்க்கொண்டே இருந்ததைப் பார்த்தேன், அழுகிறான் என்று நினைத்தேன். நதாவுக்காகக் கத்தம் ஓதி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

“வாப்பா, ஒங்கட அத்தர் முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு, மகன்.”

“நீங்க ஜும்ஆவுக்குக் கூடப் பூசல்லயே. அப்ப எங்க முடிஞ்ச?”

நான் பொய் பேசிப் பழக்கமில்லாதவன். அதனால் தேநீரைக் குடித்து முடித்தேன். அவன் என்னை ஏசவில்லை, கையை நீட்டவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, திரீவீல் பிடித்துப் பொலிஸுக்குப் போனான். அவர்களோடு திரும்பி வந்தபோதும், நான் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுத்து முடிக்கும்வரை அவர்களை வாசலில் நிற்கச் சொன்னான். அந்த நிதானம் என் பக்கத்து ரத்தம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதுவரைக்கும் அவன் என்னைப் பார்க்க வரவில்லை. வேலை இருக்கும்.

சீனியைச் சுட்டுவிடப் போகிறார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். பாயிஸா விடவில்லையாம். தினமும் காலையில் லாயத்துக்குப் போய், தன் மகள் மேல் விழுந்த குதிரைக்குத் தன் கையாலேயே புல் போடுகிறாராம். லாயத்து வாசலில் அழுதுகொண்டிருந்த, சீனியைப் பார்த்துக்கொள்கிற வேலைக்காரனையும் அவர்தான் சமாதானப்படுத்தினாராம். என் பெயரைச் சொல்லி, நாசமாகப் போகட்டும் என்று இதுவரைக்கும் ஒரு பதுவா கூடக் கேட்கவில்லையாம். சஹனைக் கவிழ்த்த மனுஷி. துக்கத்தில் ரத்தம் கொஞ்ச நாளைக்கு அடங்கிக் கிடக்கும், பிறகு தன் வேலையைக் காட்டும். பொறுத்திருந்து பாருங்கள்.

ஆகவே நவரட்ணராஜா ஐயா, உங்களுடைய யோசனைக்கு நன்றி. அந்த ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியாது. நாளைக்கு ஹுதைபாவுக்கு ஒரு சம்பந்தம் பேச வருகிறவர்கள் வழியை விசாரிப்பார்கள். வாப்பா மூர்க்கன், பைத்தியம் என்று நீதிமன்றத்திலேயே எழுதிவைத்திருந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? தண்டனை எத்தனை வருஷமானாலும் இருந்துகொள்கிறேன். எங்கள் ரத்தத்தின் மேல் பழி விழக்கூடாது.

இப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாள்கூட எனக்குக் கோபம் வரவில்லை, கை நடுங்கவில்லை. முதல் பீப்பாயில் குதிரை மிரண்டால் பிள்ளை தப்பிவிடக்கூடும் என்று யோசித்து, மிக வேகமாகச் சாய்ந்து திரும்புகிற மூன்றாவதைத்தான் நான் தெரிந்தெடுத்தேன். எங்கள் பரம்பரையில் மூர்க்கம் கிடையாது, ஐயா. எதையும் நிதானமாகத்தான் செய்வோம்.