படகு வரும்வரை சங்கு ஊதாத அவைத்தலைவருக்கு

மோத்துலைக்கி நாடாளுமன்றத்தின் அவைத்தலைவராக இருபத்தோராண்டு அமர்ந்து, இன்று பணிநிறைவு பெறும் மாண்புமிகு லோசா தெவாகி அம்மையார் அவர்களுக்கு, நாடாளுமன்றச் செயலகப் பணியாளர்கள் நெஞ்சம் கொதிக்க, தலைவணங்கிப் படித்தளிக்கும் மடல்

அலைக்கு அஞ்சாத அன்னையே! அதிகாரத்துக்கு அசையாத அவைத்தலைவியே!

வானொலியில் கடல்நிலை வாசிக்கும் பெண்ணாகத் தாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது, இந்நாட்டுக்குக் கொடி இருந்தது, அவைக்குக் கூரை இல்லை. காற்றின் திசையையும் படகின் வரவையும் நான்கு வெளித்தீவுகளுக்கும் நாள்தோறும் நவின்ற அந்த நாவே, பின்னர் அவையில் வைலோட்டோ தீவின் குரலாகி, அதன்பின் அவை முழுமைக்கும் நடுவான குரலாயிற்று. பாயில் அமர்ந்து பேசும் நம் அவையில், நேரம் மீறிய அமைச்சருக்குத் தாங்கள் உயர்த்திய ஒற்றைப் புருவத்தை எக்கட்சியும் எதிர்த்ததில்லை.

நெறி காத்த நெஞ்சே!

வெளித்தீவு உறுப்பினர்கள் வரும் படகு கரை சேராமல், அவையைக் கூட்டும் சங்கை ஊதுவதில்லை என்பது முன்னோர் வகுத்த முறை. அதை முறிக்க அரசு துணிந்த நாளை மறப்போமா? கிழக்குப் பவளத்திட்டின் மீன்வளத்தைப் பதினைந்தாண்டுக்கு அயலாருக்குக் குத்தகைக்கு விடும் மசோதா அது. அரசின் பக்கம் ஏழு பேர். எதிர்ப்போர் எட்டுப் பேர். அந்த எட்டில் நால்வர் கொந்தளிக்கும் கடலில் படகோடு சிக்கிக் கிடந்தனர். இதைவிட நல்ல வேளை வாய்க்குமா என்று, தங்கள் தம்பி மகனும் தலைமை அமைச்சருமான ஃபிலிபோ, வெறுங்காலோடு நுழைய வேண்டிய அவைக்குள் செருப்புக் காலோடு வந்து நின்றார். "அத்தே, நாலு பேருக்காக நாடே காத்துக் கெடக்கணுமா? சங்கை ஊதுங்க!" என்றார். தாங்கள் குரலை உயர்த்தவில்லை. "நாலு பேரு இல்லடா, நாலு தீவு. செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காரு, இளநி வரச் சொல்றேன்" என்றீர்கள். மூன்று நாள் சங்கை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தீர்கள். அவித்த கிழங்கும் மீனும் பாய்க்கே வந்தன. நான்காம் நாள் படகு வந்தது. மசோதா ஒரே வாக்கு வித்தியாசத்தில் வீழ்ந்தது.

எங்கள் குற்றத்தையும் சொல்லாவிட்டால் இம்மடல் பொய்யாகும். அரசின் மிரட்டலுக்குப் பயந்து, முதல் நாளே "அவை கூடியது" என்று குறிப்பேட்டில் எழுதியவர்கள் நாங்கள். தாங்கள் அதை அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டுத் திருப்பித் தந்தீர்கள். எழுதியது யார் என்று இன்றுவரை கேட்கவில்லை. வெட்கத்தோடு நன்றி சொல்கிறோம்.

பொறுப்பதற்கில்லை அம்மா!

மசோதா வீழ்ந்த வஞ்சத்தை மனத்தில் வைத்து, விடைபெறும் அவைத்தலைவருக்கு அரசு விருந்து கிடையாது என்கிறார்கள்! இவ்விழாவுக்கு அவை மண்டபம் காலை எட்டு முதல் ஒன்பது வரைதானாம்! இன்று கடலில் நீர் ஏறி, பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வெளித்தீவுப் படகு துறைக்குள் நுழைய முடியும் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், அமைச்சரவைக்குத் தெரியாதா? தெரிந்தே செய்தார்கள். சங்கையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தங்கள் அடுப்பில் வெந்த ஈரப்பலாவைத் தின்று வளர்ந்தவர் செய்கிற காரியமா இது? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறென்ன?

மண்டபத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நாங்கள் படகுத்துறையில் பாய் விரித்துவிட்டோம்.

பல் விழுந்தாலும் சொல் விழாமல், பாயில் தாமே அமர்ந்து தாமே எழும் நலத்தோடு, தாங்கள் நீடு வாழ்க!

படகு கரை சேராமல் இம்மடலைப் பிரிப்பதில்லை என்று நேற்றே முடிவு செய்தோம். ஆகவே, இச்சொற்கள் தங்கள் செவியில் விழுகின்றன என்றால், நான்கு தீவாரும் வந்து அமர்ந்துவிட்டார்கள். அவை கூடியது. இம்முறை அதைக் குறிப்பேட்டில் துணிந்தே எழுதியிருக்கிறோம்.

தங்கள் பாயருகே நின்று பணி கற்ற,
நாடாளுமன்றச் செயலகப் பணியாளர்கள்
படகுத்துறை, மோத்துலைக்கி