சோதிக்காத நாற்பத்தொரு கட்டங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, விற்பனைப் பிரிவுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டவரின் மகளே, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து சுவரோரம் நிற்கும் என் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். கொஞ்சம் கூடத்தான் போகும். யாரும் கைக்கடிகாரத்தைக் காட்ட வேண்டாம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்றார்கள். அடேயப்பா, என்ன அருமையான சொல்! எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரே மத்தியானத்தில் அவரை ஈடு செய்துவிட்டீர்களே ஐயா, மறந்துபோயிற்றா? சோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளரைத் தொலைபேசி எடுக்கும் மேசைக்கு அனுப்பினீர்களே! இதோ இந்தப் படம்கூட அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியதுதான். பதினேழு வருடம் உழைத்தவருக்கு வேறொரு படம் இந்தக் கட்டடத்தில் கிடைக்கவில்லை.

உறவினர்களுக்காக அவர் வேலையைச் சொல்கிறேன். நாங்கள் விற்பது கண்காணிப்பு மென்பொருள். ஓர் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ ஓடும் செயலிகள் எங்கே மெதுவாகின்றன, எங்கே சிக்கி நிற்கின்றன என்று உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சொல்லும். ஆனால் கணினிகள் எல்லாம் ஒன்றா? கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருள், அதாவது இயங்குதளம், ஆளுக்கொன்று; அதில் பத்துப் பதிப்பு. ஒன்றில் நினைவகம் தாராளம், இன்னொன்றில் கைப்பிடி அளவு. காவலுக்கு வைத்தவனே அடுப்படியில் புகுந்து இருப்பதையெல்லாம் தின்றுவிட்டால் அந்த வீடு என்ன ஆகும்? அப்படி ஆகாமல் பார்த்தவர் அண்ணன். எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில், எவ்வளவு நினைவகத்தில் நம் மென்பொருள் ஓடும் என்று அவர் எழுதிவந்த பொருத்தப் பட்டியலை நம்பித்தான் வாடிக்கையாளர்கள் நம்மை உள்ளே விட்டார்கள்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஓடாது’. என்ன கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார். இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், முப்பது பழைய கணினிகளை வைத்திருந்தார். வாடிக்கையாளரிடம் எது உண்டோ அது அங்கேயும் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏழு நாள் நம் மென்பொருளோடு, ஏழு நாள் அது இல்லாமல் ஓட்டிப் பார்ப்பார். "மாப்பிள்ளை பார்க்கிறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கண்ணே" என்று கேலி செய்வோம். "மாப்பிள்ளை சரியில்லைன்னா அவங்க ரெண்டு பேருக்குத்தான்டா கஷ்டம்" என்பார். பதினான்கு நாள் முடியாமல் ‘ஓடும்’ என்று எழுதியதே இல்லை. அதுவரை பட்டியலில் அதற்கான கட்டத்தில் ‘சோதிக்கவில்லை’ என்றுதான் இருக்கும்.

அந்தச் சொல்தான் இங்கே பலருக்குக் கசந்தது. விற்பனைத் தலைவர் ஒருமுறை என் முன்னாலேயே அவரிடம் கேட்டார்: "‘சோதிக்கவில்லை’ன்னு போட்டா எவன் வாங்குவான்? ‘ஓடும்’னு போடுங்க. ஓடாமலா போயிடும்?"

"ஓடலாம் சார். ஆனா ‘ஓடலாம்’ங்கறதுக்கு என் பட்டியல்ல இடமில்லையே" என்றார் அண்ணன்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கக்கேடு. இருந்தாலும் சொல்கிறேன். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக அண்ணன் இரண்டு நாள் விடுப்பில் போனார். அன்று விற்பனைத் தலைவர் என் மேசைக்கு வந்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க பட்டியலைப் பார்க்கிறாங்க. இப்படி ‘சோதிக்கவில்லை’, ‘சோதிக்கவில்லை’ன்னு இருந்தா அசிங்கமா இருக்கு. கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுப்பா" என்றார். திரையில் ‘ஓடும்’ என்றிருந்த ஒரு கட்டத்தின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்தேன். அப்படியே கீழே இழுத்தேன். கீழே சோதிக்காமல் இருந்த நாற்பத்தொரு கட்டமும் ‘ஓடும்’ ஆகிவிட்டது. இரண்டு விநாடி வேலை! ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் பதினான்கு நாள் எடுத்துக்கொள்ளும் வேலை! அவர் திரும்பி வருவதற்குள் பட்டியல் வெளியே போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மருத்துவமனையில் இருந்தது ஒரு பழைய இயங்குதளம், அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. நிறுவிய நான்காம் நாள், காலை பத்து மணிக்கு, நம் மென்பொருள் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட்டது. நோயாளிகள் பதிவு நின்றது, இரத்தப் பரிசோதனை முடிவுகள் நின்றன. ஆறு மணி நேரம் செவிலியர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினார்கள். யார் உயிரும் போகவில்லை. அது அதிர்ஷ்டம், நம் சாமர்த்தியம் இல்லை.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். "பட்டியல் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். "அவர்தான் சார்" என்றேன். பொய்யா? பொய்யில்லை. அதைவிடக் கேவலம்! ‘அலட்சியம்’ என்று இடமாற்ற ஆணையில் எழுதி அவர் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் அவருடைய கணினிகளைக் கிடங்குக்குக் கொண்டுபோக ஆட்கள் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "எந்தக் கட்டத்தை யார் எப்போ மாத்தினாங்கன்னு கோப்புலயே பதிவாகும்டா. பார்த்தேன். உன் பேர் இருக்கு. நான் போய்க் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீயே சொல்லிடு."

"சொல்லிடறேண்ணே. ரெண்டு நாள் குடுங்க."

முதல் மாதம் திங்கட்கிழமைதோறும் கேட்டார், "சொல்லிட்டியா?" என்று. "இந்த வாரம்ணே" என்பேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். தேநீர் வேளையில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை! போன செவ்வாய்க்கிழமை, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இயக்குநர் ஐயா, அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருக்கலாமே! ஒரே ஒரு பொத்தான். ஏன் யாரும் அழுத்தவில்லை? என் பெயர் வந்தால், என்னிடம் பட்டியலைச் சுத்தம் பண்ணச் சொன்னவர் பெயரும் வந்துவிடும் என்றுதானே?

விற்பனைத் தலைவர் சார், உட்காருங்கள். "இதுவா இடம்?" என்று கேட்கிறீர்கள். விசாரணை அறையில் சொல்லியிருக்க வேண்டும், உண்மைதான். அங்கே எனக்குத் தைரியம் இல்லை. இங்கே வந்திருக்கிறது, தடுக்காதீர்கள்.

அவர் விட்டுப்போன வேலையை இன்று காலையே தொடங்கிவிட்டேன். நாற்பத்தொரு கட்டத்திலும் ‘சோதிக்கவில்லை’ என்று திருத்தி, அந்தப் பட்டியலை வாங்கிய பதினான்கு வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் மேடை ஏறினேன். என்னை வேலையில் வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் பதினான்கு நாள் ஓட்டிப் பார்த்து எழுதுவேன். வைத்திருக்காவிட்டால், சுவரோரம் நிற்கிறார்களே, அவர்கள் எழுதுவார்கள். எழுதுவீர்களா தோழர்களே? கை தூக்குங்கள், அண்ணி பார்க்கட்டும். நன்றி. அந்த ஆணையிலிருந்து ‘அலட்சியம்’ என்ற சொல் போகும்வரை நாங்கள் ஓயப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. உள்ளே வரும்போது வாசலில் அண்ணனின் மகள் என்னை நிறுத்தினாள். "சித்தப்பா, அப்பா மேல தப்பு இருந்துச்சா? அம்மா அந்த லெட்டரை தினமும் எடுத்துப் படிக்கிறாங்க" என்றாள். "அப்புறம் பேசலாம்மா" என்று நழுவி வந்துவிட்டேன்.

இல்லை மகளே. உன் அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு பண்ணியது நான். சொல்லாமல் இருந்ததும் நான்.

அண்ணி, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோ வைத்திருக்கிறேன். ஒரு பிரதி இயக்குநருக்கு, இன்னொன்று உங்களுக்கு. இறங்கி வந்து தருகிறேன். என் கையால் வாங்க உங்களுக்கு மனம் வராவிட்டால், பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போகிறேன்.