ஐஸ் பெட்டிக்கு மேலே மாட்டவேண்டிய மடல்

வெந்நீர்க் குடுவையை விடாத வீராங்கனையே! குருதியின் குணமறிந்த கோபக்காரியே! முப்பத்து மூன்று ஆண்டுகள் இவ்வாய்வகத்தில் முதுகு ஒடிய உழைத்து இன்று விடைபெறும் எங்கள் ‘வெந்நீர் அக்கா’வே! வணக்கம்.

“என்னைப் புகழ்ந்தீங்கன்னா மேடையிலயே கிழிச்சுப் போட்டுடுவேன்” என்று நேற்றே எச்சரித்தீர்கள். ஆகவே பொறுமையின் சிகரம் என்றெல்லாம் பொய் பாடமாட்டோம். உங்களுக்கு மூக்கின் மேல் கோபம். அதில் பாதியாவது எங்களுக்கு வந்திருக்க வேண்டும்.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருளே தடம் மாறி, அவ்வுடலையே பகையெனக் கொள்ளும் நோய் உண்டு. அவ்வெதிர்ப்பொருள்கள் தம் இலக்கோடு ஒட்டித் திரளாகி, குருதியில் மிதந்து, குறுநாளங்களின் சுவரில் படியும். படிந்த இடத்துக்குப் பாய்ந்துவரும் காவல் அணுக்கள் திரளோடு சேர்த்துச் சுவரையும் புண்ணாக்கும். நாளம் வீங்கினால், அதை நம்பியிருக்கும் நரம்பும் சிறுநீரகமும் பட்டினி கிடக்கும். சிலருக்கு அத்திரள்கள் குளிர் பட்டதும் உறைந்து குழாயின் அடியில் தங்கிவிடும். “ரத்தம் உறைஞ்சு, மேல தெளியிற சீரத்தைப் பிரிக்கிற வரைக்கும் குழாய் உடம்புச் சூட்டுலயே இருக்கணும்” என்று தொண்டை வறளச் சொன்னீர்கள். நாங்களோ சிரித்தோம், பட்டப்பெயர் வைத்தோம், எந்தக் குழாய் வந்தாலும் ஐஸ் பெட்டியில் போட்டோம்.

கணுக்கால் முழுக்கச் செம்புள்ளிகளோடு ஒரு தையல்காரப் பெண் வந்தார். மூன்று முறை அவர் குருதியை ஐஸில் வைத்தோம். தேடவேண்டிய திரளை உறைந்த குருதிக்கட்டியோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு, மூன்று முறையும் ‘திரள் இல்லை’ என்று எழுதினோம். “அப்ப நான் பொய் சொல்றேனா? மிஷின் மிதியில வெச்சா கால் இருக்கிறதே தெரியலைங்க!” என்று அவர் வாசலில் நின்று கத்தினார். நிமிர்ந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நான்காம் முறை நீங்களே குடுவையோடு அவர் படுக்கைக்குப் போனீர்கள். எடுத்த குருதியைக் குடுவையின் வெந்நீரிலேயே கொண்டுவந்து, சூடு ஆறாமல் பிரித்த சீரத்தைப் பிறகே குளிரில் வைத்தீர்கள். மூன்றாம் நாள் குழாயின் அடியில் வெள்ளையாய்ப் படிவு. “ரத்தத்தைக் குளிர வெச்சுட்டு இல்லைன்னு எழுதினீங்களே, கை கூசலையா?” என்று கேட்டீர்கள்.

அனுமதியின்றிக் குடுவை கொண்டுபோனதற்கு உங்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்த தலைவர், இதோ பூங்கொத்தோடு அமர்ந்திருக்கிறார். ஐயா, அந்தக் கடிதம் இன்னும் அக்காவின் கோப்பில் கிடக்கிறது. கூட்டம் கலையுமுன் அதை எடுத்துவிடுங்கள்!

மருந்து தொடங்கியதால் அப்பெண்ணின் சிறுநீரகம் தப்பியது. வலக்கால் மட்டும் மிதிக்குத் திரும்பவில்லை. இரண்டு மாதத் தாமதம் எங்களுடையது.

அக்கா, சட்டமிட்ட இம்மடலை உங்களுக்குத் தரப்போவதில்லை. ஐஸ் பெட்டிக்கு நேர் மேலே மாட்டப்போகிறோம். குடுவையை மட்டும் விட்டுச்செல்லுங்கள். நோய் அண்டாது, நூறாண்டு, இதே கோபத்தோடு வாழுங்கள்!

இவண்,
ஆய்வக ஊழியர்கள்.

முதல் கையொப்பம்: இதை உரக்க வாசித்தவள். அந்த மூன்று குழாய்களையும் ஐஸில் வைத்தவள்.