ஷட்டர் திறந்திருந்த நாலு நிமிடம்

மாலை ஆறே முக்கால். பாலம் தாண்டிய சாலை. ஒரு பக்கம் நீளச் சுவர், மறுபக்கம் ஆள் குடிவராத அடுக்குமாடி. நாய்கூட இல்லை... சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். இது என் நண்பனின் அக்கா கணவருக்கு நடந்தது.

அவர் போட்டோகிராபர். கட்டடங்களைப் படம் எடுப்பவர். வீடு விற்கிறவர்களுக்குப் படத்தில் ஜனங்கள் தெரிந்தால் பிடிக்காது. அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை நாலு நிமிடம் திறந்தே வைப்பார். நடந்து போகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அசையாமல் நிற்பவர்தான் விழுவார்.

அன்று மகளுக்கு மூச்சிழுப்பு. இன்ஹேலர் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். வீடு கூப்பிடு தூரம். போனில் அக்கா கத்தினாள்.

"எங்க இருக்கீங்க? புள்ள மூச்சு விட முடியாம தவிக்குது!"

"வந்துட்டேன்டி. கத்தாத."

வானத்தில் வெளிச்சம் பிரமாதமாக இருந்ததாம். பாழாய்ப்போன வெளிச்சம்! நாலு நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று வண்டியை நிறுத்தி, காமிராவை ஸ்டாண்டில் மாட்டினார்.

க்ளிக்.

சாலை நடுவில் ஒருத்தி நின்றாள். எப்போது வந்தாளோ... ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

"ஏம்மா, நகரு! படம் கெட்டுப்போகுது!"

நகரவில்லை. கை தட்டினார், திட்டினார். கடைசியில் தள்ளிவிடலாம் என்று கிட்டே போனார். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எத்தன பேர இல்லாமப் பண்ணின... நீ கொஞ்சம் நில்லு."

அவ்வளவுதான். கால் பெயரவில்லை. வாய் திறக்கவில்லை. காமிராவின் சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது... அதற்குள் தாடி மார்பைத் தொட்டது. அடுத்த சிமிட்டலுக்குள் நரைத்தது. பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வானத்தில் மட்டும் அதே வெளிச்சம். மகளின் மூச்சையே நினைத்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷமும் அது ஒன்றுதான் நினைப்பு.

க்ளக். ஷட்டர் மூடியது. பிடி விட்டது.

ஓட முடியவில்லை. தடுமாறித் தடுமாறி வந்து கதவைத் தட்டினார்.

அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். எலும்பும் தோலுமாக ஒரு கிழவன். கையில் துருவேறிய இன்ஹேலர்.

"திறடி... புள்ளைக்கு மருந்து..."

நான் சொன்னதெல்லாம் அவர் வாசலில் நின்று கதறியதுதான். யாரோ பைத்தியம் என்று அவள் நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். புருஷனுக்குப் போன் போட்டாள், மணியே போகவில்லை.

"போய்யா! என் வீட்டுக்காரர் இப்ப வந்துடுவாரு!"

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். ஆளுக்கு ஓர் அடி போட்டு இருட்டுக்குள் துரத்தினார்கள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பிழைத்துவிட்டாள். அவரைத்தான் அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

காமிராவை நண்பன் எடுத்து வந்தான். படத்தில் வெறும் சாலை. நடுவில் அத்தான் மட்டும், கறுகறு முடியோடு, கையை எதிரே நீட்டியபடி, அவ்வளவு தெளிவாக நிற்கிறார். அக்கா அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்கு மறுநாள் பேச்சு வந்தது. அம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி...

"அப்பா அவ்ளோ நேரம் கதவத் தட்டினாரே... ஏம்மா திறக்கல?"