வாய் மேல் வைத்த கை

யுத்த காலத்தில் ஒரு சாயங்காலம், ஆவடியிலிருந்து ரயிலேறினேன். எதிரே பட்டாளத்து டிப்போ கூலிகள் இருவர். மூத்தவர் அலுப்போடு பேசிக்கொண்டிருந்தார்.

“கைய எடுத்துட்டுப் பேசுன்னான் தொர. எடுத்தேன். மூக்கப் புடிச்சிகினு ரெண்டடி பின்னால போய்ட்டான்.”

“இன்னா அண்ணாத்தே சொல்ற?”

“ஊர்ல ஆண்டை முன்னாடி வாயப் பொத்திகினுதானே நிப்போம்? இருபது வருசம். வாய் நாத்தம் யாருக்குத் தெரியும்? வைத்தியம் பாத்துட்டு வா, இல்லன்னா வேலைக்கு வராதேன்னுட்டான்.”

“கிராம்பு மெல்றதுதானே?”

“மென்னேன். டாக்டரு சிரிச்சாரு. கடவாப் பல்லு அழுகி ஈறெல்லாம் சீழு கீது, கிராம்பு இன்னா பண்ணும்னாரு. பல்லப் புடுங்கினாரு. தெனம் நாக்க வழிச்சி, உப்புத் தண்ணில கொப்புளிக்கச் சொன்னாரு.”

“இப்ப?”

“நாத்தம் போயிடுச்சாம். பொஞ்சாதியே சொல்லிட்டா.”

“அப்புறம் இன்னா? தொர முன்னாடி தெகிரியமாப் பேசு.”

அப்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். மூத்தவர் சட்டென்று எழுந்து வலது கையால் டிக்கெட்டை நீட்டினார். இடது கை வாயைப் பொத்தியிருந்தது.

பரிசோதகர் நகர்ந்ததும் அந்தக் கையை இறக்கி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பல்லப் புடுங்கியாச்சு. இது போவ மாட்டேங்குதே.”