வாத்துக்காரியைத் திருடிய ஜெர்மன்காரன்

க்ளெமென்ஸ்: …அந்த நாற்காலி இல்ல தெக்லா, ஜன்னல் ஓரமா இருக்கே, அதை இழுத்துப் போடு. லுப்ளின் பட்டணத்து மியூசியத்து ஆள் வந்து உக்காரும்போது என் முகத்துல வெளிச்சம் விழணும்.

தெக்லா: உங்க முகத்துக்கு இருட்டுதான் எடுப்பு, ஓவியரே.

க்ளெமென்ஸ்: இன்னைக்கு என் பெயர் நாள், என் பேர் கொண்ட புனிதரோட திருநாள். இன்னைக்காவது மரியாதையா பேசக் கூடாதா?

தெக்லா: பக்கத்து வீட்டுக்காரின்னு கசகசா கேக் சுட்டுக் கொண்டுவந்திருக்கேன். மரியாதையும் சேத்தா சுட முடியும்? சரி, அந்த ஆள் வந்ததும் என்ன சொல்லப் போறீங்க?

க்ளெமென்ஸ்: என் வாழ்க்கையைத்தான். போர்லயும் சமாதானத்துலயும் ஒரு கலைஞன்… ஒத்திகை பாக்கலாமா? நீ மியூசியம்காரரா இரு.

தெக்லா: இருக்கேன். முதல் போர்ல என்ன வரைஞ்சீங்க, மேதையே?

க்ளெமென்ஸ்: குதிரை.

தெக்லா: குதிரைப் படமா?

க்ளெமென்ஸ்: இல்ல… குதிரை மேலயே. எங்க கேப்டனோடது வெள்ளைக் குதிரை. எதிரிக்குத் தூரத்துலயே தெரியும்னு பழுப்புச் சாயம் அடிக்கச் சொன்னார். அடிச்சேன். மறுநாள் மழை.

தெக்லா: ஐயோ.

க்ளெமென்ஸ்: கேப்டன் வரிக்குதிரை மேல சண்டைக்குப் போனார். எதிரி சிரிச்ச சிரிப்புல குறி தவறிடுச்சு. கலையால ஒரு உயிர் பிழைச்சுதுன்னு வேணா சொல்லலாம்.

தெக்லா: அதைச் சொல்லுங்க, நல்லா இருக்கு. அப்புறம் சமாதானம் வந்துதே?

க்ளெமென்ஸ்: சமாதானத்துல கறிக்கடைப் பலகைக்கு ஒரு பன்றி வரைஞ்சேன். அதே வாரம் மேயர் படமும் கேட்டாங்க. கையில மிச்சம் இருந்தது ஒரே ரோஸ் நிறம்தான்…

தெக்லா: மேயர் வீட்டம்மா அழுதாங்கன்னு ஊரே பேசிச்சு.

க்ளெமென்ஸ்: கறிக்கடைக்காரருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது. மேயர் படத்தையும் கேட்டார்.

தெக்லா: சரி, ரெண்டாவது போர். இது எனக்கே தெரியும். ராத்திரி ஜன்னல்ல வெளிச்சம் கசியக் கூடாதுன்னு ஜெர்மன்காரன் உத்தரவு…

க்ளெமென்ஸ்: கறுப்புத் துணி எங்கயும் கிடைக்கலை. தெருவே என் வீட்டுக்கு ஓடி வந்துது, படம் இருந்தா குடுங்கன்னு. அதுக்கு முன்னாடி ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. ஒரே வாரத்துல என் படம் எல்லார் வீட்டு ஜன்னல்லயும் தொங்குச்சு. என் வாழ்க்கையில அதுதான் பெரிய கண்காட்சி.

தெக்லா: எங்களுக்குச் சூரிய உதயம் குடுத்தீங்க. என் வீட்டுக்காரர் படத்தை வெளிப்பக்கமாத் திருப்பி மாட்டினார்.

க்ளெமென்ஸ்: ஏன்?

தெக்லா: பாத்துக்கிட்டே சாப்பிட முடியலையாம்… கோவிச்சுக்காதீங்க. மனுஷன் போய்ச் சேந்துட்டார்.

க்ளெமென்ஸ்: கோவம் இல்ல. அந்தச் சூரியன் எனக்கே முட்டை மாதிரிதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் புது அரசாங்கம். மே தின ஊர்வலத்துக்குத் தலைவர் படம், வீட்டு உசரத்துக்கு. மீசைக்கு மட்டும் ஏணி போட்டு ஏறினேன்.

தெக்லா: ஊர்வலம் முடிஞ்ச மறுநாளே அந்தத் துணியை நாங்க வெட்டிப் பங்கு போட்டுக்கிட்டோம், படுக்கை விரிப்புக்கு. எனக்கு வலது மீசை வந்துது. எவ்வளவு கொதிக்க வச்சும் போகலை.

க்ளெமென்ஸ்: அது நல்ல சாயம்.

தெக்லா: நல்ல சாயம்தான்… சரி. அடுத்ததை அவர் கேப்பாரே. வாத்துக்காரி.

க்ளெமென்ஸ்: அதுக்குத்தானே வர்றார். "வாத்துகளோடு நிற்கும் பெண்." என் பொண்டாட்டி ப்ரோனியாவை வச்சு வரைஞ்சது. போர்க்காலத்துக் குளிர்ல, நான் காட்டுல ஒளிஞ்சிருந்தப்போ, ஒரு ஜெர்மன் அதிகாரி வீட்டுக்குள்ள வந்து, சுவத்துல அதைப் பாத்து, அப்படியே சொக்கிப்போய்…

தெக்லா: திருடிட்டுப் போனான்.

க்ளெமென்ஸ்: திருடிட்டுப் போனான். எங்க ஊர்லயே ரசனை உள்ளவன் அவன் ஒருத்தன்தான்.

தெக்லா: மதுக்கடையில இதைச் சொல்லும்போது மேசையைத் தட்டுவீங்களே. இன்னைக்குத் தட்டலையே?

க்ளெமென்ஸ்: …தெக்லா, மியூசியம்காரங்க அவன் பேரைக் கண்டுபிடிச்சுட்டாங்க.

தெக்லா: யார் பேரை?

க்ளெமென்ஸ்: பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தானே ஜெர்மன் கேப்டன், ரிட்டர்ங்கறவன். அவன் செத்துட்டான். பொண்டாட்டி ப்ரேமென் பட்டணத்துல இருக்காளாம். நான் இன்னைக்கு ஆமாம்னு சொன்னா, உன் புருஷன் திருடன், படத்தைத் திருப்பிக் குடுன்னு அவளுக்கு எழுதுவாங்க.

தெக்லா: அவளுக்கு நம்ம வயசு இருக்குமா?

க்ளெமென்ஸ்: இருக்கும்.

தெக்லா: ம்ம்… மதுக்கடையில சொன்னா அது கதை. செத்தவன் பேரைச் சொல்லிச் சொன்னா அது பொய்ச்சாட்சி இல்லையா? சுவத்துல தொங்கற அந்தச் சிலுவைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு?

க்ளெமென்ஸ்: பொய்னு யார் சொன்னது?

தெக்லா: யாரும் சொல்லலை. கேட்டேன்.

க்ளெமென்ஸ்: அவங்க நமக்குச் செஞ்சதுக்கு, ஒரு படம் கூடுதலாத் திருடினான்னு சொன்னாத்தான் என்ன?

தெக்லா: செஞ்சதெல்லாம் இருக்கட்டும். அதைக் கடவுள் கேட்டுக்குவார். செய்யாததை நாம எதுக்குச் சேக்கணும்? நீங்க ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்குற மனுஷன்.

க்ளெமென்ஸ்: உனக்கென்ன, கேக்கை வச்சுட்டுப் போயிடுவ. கதை இல்லன்னா கண்காட்சி இல்ல, தெக்லா. லுப்ளின்ல முழுசா ஒரு கூடம் தர்றாங்க, எனக்கு. பன்றிக்காகவா தர்றாங்க? திருடுபோன படத்துக்காக. திருடலைன்னு சொன்னா, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுவார். மிச்சப் படமெல்லாம் இங்கயே பூஞ்சை பிடிச்சுக் கிடக்கும், என்னோட சேந்து. அப்போ படம் எங்கன்னு வேற கேப்பார்.

தெக்லா: கேப்பார்.

க்ளெமென்ஸ்: கேக்கை வெட்டேன்.

தெக்லா: விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியா?

க்ளெமென்ஸ்: சரி வேண்டாம்… தெக்லா, நான் காட்டுல இல்ல.

தெக்லா: எப்போ?

க்ளெமென்ஸ்: அந்தக் குளிர்ல. துப்பாக்கியோட காட்டுல இருந்தேன்னு சொல்வேன்ல? துப்பாக்கி கிடையாது. காடும் கிடையாது. இதோ, இந்தப் பரண்லதான் கிடந்தேன். ஜெர்மன்காரங்க வேலைக்கு ஆள் பிடிக்க வர்றாங்கன்னதும் ஏறினவன், இறங்கவே பயந்துட்டேன். பலகைக்கு நடுவுல ஒரு இடுக்கு… அது வழியா இந்த அறை பூரா தெரியும்.

தெக்லா: பூராவுமா?

க்ளெமென்ஸ்: பூரா. கேப்டன் வந்தான். வாத்துக்காரி முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். மேல எனக்கு மூச்சு நின்னுடுச்சு, பயத்துல பாதி, பெருமையில பாதி. அப்புறம் கத்தியை எடுத்தான்…

தெக்லா: சொல்லுங்க.

க்ளெமென்ஸ்: படத்தைச் சட்டத்துல இருந்து அறுத்துக் கீழ போட்டுட்டு, சட்டத்தை மட்டும் அக்குள்ல வச்சுக்கிட்டுப் போயிட்டான்.

தெக்லா: சட்டத்தையா?

க்ளெமென்ஸ்: என் மாமனார் வீட்டு நிலைக்கண்ணாடியோடது. தங்கப் பூச்சு. இறங்கிப்போய், படத்துல என்னய்யா குறைன்னு அவன் சட்டையைப் பிடிக்கலாம்னு இருந்துது. உயிருக்குப் பயந்து ஒளிஞ்சவனுக்கு அந்த நேரத்துல வந்த ரோஷத்தைப் பாரு.

தெக்லா: சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன்… முடியலை.

க்ளெமென்ஸ்: சிரி. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் நீ வந்த. சிரிக்கலை அப்போ. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிடறேன். உன் வீட்டுக்காரரைப் பிடிச்சுட்டுப் போயிருந்தாங்க. உன் மக ரோசாலியா கைக்குழந்தை. நீ படத்தைத் தூக்கி, விரலால தடவி, எண்ணெய்ச் சாயம், தண்ணி இறங்காதுன்னு பாத்த. ப்ரோனியா மூஞ்சிக்கு நேரா சிலுவை போட்டுக்கிட்டு, சுருட்டி எடுத்துட்டுப் போன.

தெக்லா: வைக்கோல் படுக்கை எல்லாம் நனைஞ்சு உறைஞ்சுபோகும்… குழந்தை நீலம் பாஞ்சு கிடந்தா. அடியில விரிச்சேன். பனி உருகினப்போ பாத்தா, சாயம் எல்லாம் உதிர்ந்து, ஒரு வாத்துகூட மிச்சம் இல்ல.

க்ளெமென்ஸ்: என் படத்தை இத்தனை நேர்மையா விமர்சிச்சது உன் மகதான். எனக்கு வருத்தமே இல்ல, தெக்லா. ப்ரோனியா ஒரு பிள்ளை வேணும்னு வேண்டாத கோயில் இல்ல. கிடைக்காமலே, போருக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டா. அந்தக் குளிர் பூரா அவ மடியில ஒரு குழந்தை தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டே நான் மேல படுத்திருந்தேன். போர் முடிஞ்சதும் படம் எங்கன்னு ஊர்ல கேட்டாங்க. நீ தலையைக் குனிஞ்ச. உடனே ஜெர்மன்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொன்னேன். உனக்காகத்தான். ஆனா சொல்லச் சொல்ல எனக்கும் பிடிச்சுப்போச்சு. அதனால என்னைப் புனிதர் ஆக்கிடாதே.

தெக்லா: அந்த ஆபத்து இல்ல. இப்ப அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?

க்ளெமென்ஸ்: கேப்டன் என் படத்தைத் திருடலை, வேண்டாம்னு வச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லப் போறேன். சட்டம் அந்த அம்மாகிட்ட இருந்தா இருக்கட்டும், முகம் பாக்கற கண்ணாடி மாட்டியிருப்பாங்க. உன் பேர் வராது.

தெக்லா: வரட்டுமே. ரோசாலியா சாயங்காலம் பிள்ளைங்களோட வருவா. அவகிட்டயும் சொல்லணும்… பஸ் சத்தம் கேக்குது. டையை நேராக் கட்டுங்க.

க்ளெமென்ஸ்: கூடம் போச்சு.

தெக்லா: போகட்டும். எங்க ஜன்னல் இருக்கு. இந்தத் தடவை உள்பக்கமாவே மாட்டறேன்.

க்ளெமென்ஸ்: சூரிய உதயமா? சாப்பாடு இறங்குமா?

தெக்லா: எனக்கு வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியாது. கதவைத் திறக்கட்டுமா?

க்ளெமென்ஸ்: இரு… இன்னும் ஒண்ணு. படத்தை எடுத்துட்டுப் போன மறுநாள்ல இருந்து தினம் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சூப் இந்த மேசையில வச்சுட்டுப் போவ. யாரும் இல்லாத வீட்டுல, படத்தை எடுத்ததுக்குப் பரிகாரமா நீ வைக்கிறன்னு நினைச்சேன். ராத்திரி இறங்கி அதைக் குடிச்சது நான்தான், தெக்லா. அதுலதான் பிழைச்சேன். நீ பாவம், எலி தின்னுதுன்னு நினைச்சிருப்ப.

தெக்லா: எலிக்கா க்ளெமென்ஸ், நான் தினம் கூடவே ஸ்பூனும் வச்சுட்டு வந்தேன்?